காதலனா, கொலைகாரனா? - திகில் காதல் நாவல்களுக்கு ஏன் இவ்வளவு வாசகிகள்?

பெரிய பங்களா. புதிதாக வந்து சேர்ந்த இளம் மனைவி. முதல் மனைவி எப்படி இறந்தாள் என்று யாரும் வாய் திறப்பதில்லை. கணவன் மோசமானவன் போலத் தெரியவில்லை. ஆனால், எதையோ மறைக்கிறான். இங்கிலாந்து எழுத்தாளர் டாப்னி து மோரியே 1938-ல் எழுதிய ‘ரெபேக்கா’ நாவலின் முடிச்சு இதுதான். 1940-ல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது.

கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஓடிவிட்டன. பங்களா போய், டிராகன் வீரர்களுக்கான பயிற்சிக் கல்லூரி வந்துவிட்டது. 2023-ல் வெளியான ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலில், தன்னைக் கொல்ல எல்லாக் காரணமும் உள்ள ஒருவன் மீது நாயகிக்குக் காதல் வருகிறது. இந்த வரிசையின் மூன்றாவது புத்தகமான ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளியானபோது, முதல் வாரத்திலேயே சுமார் 27 லட்சம் பிரதிகள் விற்றதாகச் செய்திகள் வந்தன.

களம் மாறிவிட்டது, கேள்வி மாறவில்லை: ‘இவனை நம்பலாமா?’

இந்தக் கேள்வியை மையமாக வைத்துத்தான் ரொமான்டிக் சஸ்பென்ஸ், பேராநார்மல் ரொமான்ஸ் என்ற இரண்டு பெரிய வகைமைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றை விழுந்து விழுந்து படிப்பவர்களும் உண்டு. ‘இதெல்லாம் ஒரு புக்கா?’ என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி என்னதான் இருக்கிறது இவற்றில்?

இரண்டும் ஒன்றா?

இல்லை. ரொமான்டிக் சஸ்பென்ஸில் ஆபத்து மனிதர்களிடமிருந்து வரும். கொலை, கடத்தல், மிரட்டல், காணாமல்போன தங்கை என்று ஒரு குற்றம் ஓடும். அதோடு சேர்ந்தே காதலும் வளரும். இரண்டில் எதை உருவினாலும் கதை சரிந்துவிட வேண்டும். காதலை எடுத்த பிறகும் கதை நின்றால், அது வெறும் த்ரில்லர்.

பேராநார்மல் ரொமான்ஸில் ஆபத்து அமானுஷ்யமானது. ரத்தம் குடிக்கும் வேம்பயர், ஓநாயாக மாறும் மனிதன், சூனியக்காரி, ஆவி போன்றவர்களில் ஒருவர் காதலில் ஒரு தரப்பாக இருப்பார். இதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஒன்று அர்பன் ஃபேன்டஸி: நவீன நகரத்தில் மாயம் நடக்கும், ஆனால் காதல் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொன்று ரொமான்டஸி: கதை நடக்கும் உலகமே பெரும்பாலும் கற்பனையாக இருக்கும். ‘ஃபோர்த் விங்’ இந்த ரகம்.

முடிவு தெரிந்த பிறகு என்ன சஸ்பென்ஸ்?

அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் 1980-ல் தொடங்கப்பட்டது. ஒரு நாவலை ரொமான்ஸ் என்று அழைக்க அது சொல்லும் விதிகள் இரண்டே இரண்டு. காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இந்தச் சந்தோஷ முடிவை வாசகிகள் சுருக்கமாக ‘ஹெச்.இ.ஏ.’ என்பார்கள்.

அப்படியானால் ஜோடி சேரும் என்பது முதல் பக்கத்திலேயே தெரியுமே, பிறகு எதற்குப் பதற்றம்? நம்ம ஊர் மாஸ் படத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஹீரோ சாக மாட்டார் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ஆனாலும் இடைவேளைக் காட்சியில் சீட்டு நுனிக்கு வந்துவிடுகிறோம். ‘என்ன ஆகும்’ என்பதைவிட ‘எப்படித் தப்பிப்பாங்க’ என்பதுதான் அங்கே சஸ்பென்ஸ்.

இந்த நாவல்களில் அந்த உத்தரவாதம் இன்னொரு வேலையும் செய்கிறது. கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிவதால்தான், நடுவில் எவ்வளவு இருட்டுக்குள் வேண்டுமானாலும் வாசகி துணிந்து போகிறார். துரோகம், வன்முறை, மரண பயம் எல்லாவற்றையும் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

200 ஆண்டு பழைய ஃபார்முலா

இது இன்ஸ்டாகிராம் காலத்துச் சரக்கு இல்லை. 1794-ல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ’ நாவலில், கோட்டையில் சிக்கிய பெண், மர்மச் சத்தங்கள், சொத்துக்காக மிரட்டும் ஆண் என எல்லாமே உண்டு. பேய் என்று நினைத்தவற்றுக்குக் கடைசியில் சாதாரண விளக்கம் கொடுத்துவிடுவது ராட்கிளிஃபின் பாணி. பயம் பேயிடம் இல்லை, பக்கத்தில் இருக்கும் மனிதனிடம்தான் என்பதே அதன் உட்பொருள்.

இந்த மோகத்தைக் கிண்டலடித்து ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘நார்த்தாங்கர் ஆபி’ 1817-ன் இறுதியில் வெளியானது. ஆனால், அதே புத்தகத்தில் நாவல் படிப்பதை மட்டமாகப் பேசுபவர்களுக்கும் அவர் சூடாகப் பதில் சொல்லியிருப்பார். ‘இதெல்லாம் ஒரு புக்கா?’ என்ற கேள்விக்கும் 200 வயது ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு 1847-ல் ‘ஜேன் ஐர்’, 1938-ல் ‘ரெபேக்கா’. 1950-களிலும் 60-களிலும் மேரி ஸ்டீவர்ட், விக்டோரியா ஹோல்ட் ஆகியோர் இதே முடிச்சை வைத்து விற்பனையில் கொடிகட்டிப் பறந்தார்கள். அந்தக் காலத்து அட்டைப்படங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வரும்: இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், முன்னால் ஓடிவரும் பெண்.

எழுத்தாளர் ஜோனா ரஸ் 1973-ல் இந்த நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: ‘யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன்’. முகம் கொடுத்துப் பேசாத முரட்டு ஆண் கடைசியில் நல்லவனாவான். சிரித்துப் பேசிய இனிமையான ஆண் வில்லனாவான் என்ற சூத்திரத்தை அவர் பிரித்துக் காட்டினார். ஒரு ஆணின் முகத்தையும் குரலையும் பார்த்து அவன் மனநிலையைக் கணிப்பது வீட்டுக்குள் பெண்கள் தினமும் செய்யும் வேலை. இந்தக் கதைகளில் அதுவே உயிர் காக்கும் திறமையாகிறது என்பதும் அவரது கவனிப்பு.

வேம்பயர் எப்போது காதலன் ஆனான்?

1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வில் வேம்பயர் ஒழிக்கப்பட வேண்டியவன். 1967-ல் ‘டார்க் ஷேடோஸ்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் பார்னபஸ் காலின்ஸ் என்ற வேம்பயர் வந்தான். பழைய காதலை நினைத்து ஏங்கும் அவனை ரசிகர்கள் கொண்டாடிவிட்டார்கள். 1976-ல் ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் தி வேம்பயர்’, வேம்பயரையே கதை சொல்ல வைத்தது.

1999-ல் வெளியான கிறிஸ்டின் ஃபீஹனின் ‘டார்க் பிரின்ஸ்’ இந்த வகைமைக்கு ஒரு முக்கியமான தொடக்கம். துணை கிடைக்கும்வரை நிறங்கள்கூடத் தெரியாமல், உணர்ச்சிகள் மரத்துப்போய் வாழும் ஆண்கள் அதில் வருவார்கள். 2005-ல் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’. அந்த வரிசை உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்றது.

ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாயகன் ரகசியத்தை மறைக்கிறான். பேராநார்மல் நாயகனோ ‘நான் ஆபத்தானவன்’ என்று சொல்லிவிடுகிறான். அவன் யார் என்பது தெரிந்த பிறகு, தன்னைத்தானே அடக்கிக்கொள்வானா என்பதுதான் கதை. பலம் முழுவதும் ஒரு பக்கம் இருக்கும் உறவில் அன்பு சாத்தியமா என்ற பழைய கேள்விக்குக் கோரைப்பல் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாக் கதையிலும் பெண் பயந்து நடுங்குவதும் இல்லை. ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர் நளினி சிங், 2006-ல் ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ எழுதினார். அதன் நாயகி, உணர்ச்சிகளே குற்றம் என்று கருதும் இனத்தில் பிறந்தவள். தனக்கு உணர்ச்சி இருப்பது தெரிந்தால் அவள் மனமே அழிக்கப்படும். சிறுத்தையாக மாறக்கூடிய நாயகனைவிட, அவளுடைய சொந்தச் சமூகம்தான் அவளுக்குப் பெரிய ஆபத்து.

யார் படிக்கிறார்கள், ஏன்?

ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, அமெரிக்காவின் ஒரு சிறு நகரத்தில் ரொமான்ஸ் வாசிக்கும் பெண்களிடம் பேசி 1984-ல் ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். கதையின் உள்ளடக்கத்தைத் தாண்டி, படிக்கும் செயலே அந்தப் பெண்களுக்கு முக்கியமாக இருந்தது. ‘இது என் நேரம், கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீங்க’ என்று வீட்டில் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே சாக்கு புத்தகம்தான். கிடைத்ததை எல்லாம் அவர்கள் ரசிக்கவும் இல்லை. நாயகி புத்திசாலியாகவும் நாயகன் கனிவானவனாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். நாயகியைக் கொடுமைப்படுத்தும் கதைகளை ஒதுக்கினார்கள்.

2007-ல் கிண்டில் வந்ததும் இன்னொரு தடை விலகியது. என்ன புத்தகம் என்பது பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. கொலைக் கதை படிக்கும் ஆணிடம் ‘இப்படித்தான் கொலை பண்ணணும்னு ஆசையா?’ என்று யாரும் கேட்பதில்லை. காதல் கதை படிக்கும் பெண்ணிடம் மட்டும் விளக்கம் கேட்கப்படுகிறது.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. ‘ட்வைலைட்’ நாயகன் எட்வர்ட், அவளுக்கே தெரியாமல் நாயகியின் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கதையில் அது காதல். வெளியே அதற்கு வேறு பெயர். ‘ட்வைலைட்’ ரசிகர் கதையாகப் பிறந்து 2011-ல் நாவலான ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ மீதும், கட்டுப்படுத்துவதைக் காதலாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் எழுந்தது.

படிப்பவர்களுக்குக் கற்பனை எது, நிஜம் எது என்று தெரியாது என்பதும் ஒருவித இளக்காரம்தான். ஆனாலும், புத்தகத்துக்குள் இருக்கும் மூன்று வசதிகள் வாழ்க்கையில் கிடையாது. ஒன்று, நல்ல முடிவுக்கு எழுத்தாளர் உத்தரவாதம் தருகிறார். இரண்டு, பல நாவல்களில் நாயகனின் மனதுக்குள்ளும் போய்ப் பார்க்க முடிகிறது. மூன்று, பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

நிஜத்தில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது, போனையும் மெயிலையும் கண்காணிப்பது எல்லாம் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி, ஒரு பெண்ணை இப்படிப் பின்தொடரும் ஆணுக்கு முதல் முறை 3 ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

தமிழில் இது இல்லையா?

தாராளமாக இருக்கிறது, வேறு பெயர்களில். மாத நாவல்களில் ராஜேஷ்குமார் க்ரைமையும், ரமணிசந்திரன் குடும்பக் காதலையும் எழுதிக் குவித்தார்கள். அமானுஷ்யத்துக்கு இந்திரா செளந்தர்ராஜன். 90-ஸ் கிட்ஸை நடுங்கவைத்த ‘விடாது கருப்பு’ அவர் கதைதான். தெய்வக் குற்றமா, மனிதக் குற்றமா என்று கடைசிவரை ஊசலாட வைக்கும் அந்த உத்தி, ராட்கிளிஃப் பாணிக்குத் தூரத்துச் சொந்தம்.

இன்று அந்த இடத்தை ஆன்லைன் தொடர்கதைகள் பிடித்திருக்கின்றன. அங்கே ‘ஆன்ட்டி ஹீரோ’ கதைகளுக்குத் தனிக் கூட்டமே உண்டு. ‘திமிர் பிடித்தவன் காதலால் திருந்துவான்’ என்ற ஃபார்முலா சரியா என்ற விவாதமும் கூடவே நடக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

பேய், டிராகன் எதுவும் வேண்டாம் என்றால் ‘ரெபேக்கா’. விறுவிறுப்பான போலீஸ் கதை பிடிக்கும் என்றால், ஜே.டி.ராப் என்ற புனைபெயரில் நோரா ராபர்ட்ஸ் 1995-ல் எழுதிய ‘நேக்கட் இன் டெத்’. அதில் துப்பறியும் போலீஸ் அதிகாரி பெண். அவர் விசாரிக்கும் கொலை வழக்கில் சந்தேகப் பட்டியலில் இருப்பவர்தான் நாயகன். ‘இவனை நம்பலாமா?’ என்ற கேள்வியைக் கேட்கும் அதிகாரம் இங்கே அவள் கையில். பேராநார்மல் பக்கம் போக நளினி சிங் நல்ல நுழைவாயில்.

ஒரு குறிப்பு: ‘ரெபேக்கா’ தவிர மற்ற இரண்டும் வயது வந்தோருக்கானவை. இந்த வகைமையில் இப்போது பல எழுத்தாளர்கள், வன்முறை போன்ற காட்சிகள் பற்றிய எச்சரிக்கையை முதல் பக்கங்களிலேயே தருகிறார்கள். அதைத் தாண்டிப் போகாமல் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.