வெள்ளி உறையில் மிளகுக் கொடி

குப்பைக்குப் போகுமுன் – 9

சென்ற வாரம் ஜாம் போத்தலையும் ஐஸ்கிரீம் டப்பாவையும் பற்றி எழுதியிருந்தேன். உண்மையில் அவற்றைப் பற்றி யாருக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. மாத்தளையில் எந்தக் குசினிக்குள் போனாலும் டப்பாவில் கருவாடு இருக்கும், போத்தலில் அச்சாறு இருக்கும். போத்தல், பழைய பேப்பர் எடுக்க வருகிறவரும் அவற்றை வாங்கிக்கொள்வார். அவர் தொடாத ஒன்று உண்டு. அதுதான் பால்மா பெக்கட்.

காரணம் அதன் உள்ளே பளபளக்கும் வெள்ளிப் பக்கம். மேலே அச்சடித்த பிளாஸ்டிக், நடுவில் மெல்லிய உலோகப் படலம், உள்ளே மறுபடியும் பிளாஸ்டிக் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் புகாமல் மாவைக் காப்பது அந்த ஒட்டுதான். பிறகு அடுக்குகளைப் பிரிக்க முடியாமல் செய்வதும் அதே ஒட்டுதான். பிரிக்க முடியாததை உருக்கி என்ன செய்வது? 2022 மார்ச்சில் 400 கிராம் பெக்கட் 790 ரூபாவுக்கு ஏறியபோது, அதை வெட்டி விரித்து, ஒட்டியிருந்த மாவையும் கரண்டியால் வழித்தெடுத்த வீடுகள் எத்தனையோ. வழித்து முடிந்ததும் பெக்கட் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் போய் விழுந்தது.

லயத்துக்குப் பின்னால்தான் விழும், வேறு எங்கே போடுவார்கள்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவு செய்ய நீண்ட காலம் சபைகளுக்கு இடம் கொடுக்கவில்லை. திருத்தம் வந்ததே 2018இல்தான். நகரத்துத் தெருவுக்கு வரும் குப்பை ட்ராக்டர் இன்னும் எத்தனையோ தோட்டங்களுக்கு ஏறவில்லை. அதனால் பெக்கட் ஒன்று அடுப்பில் எரிகிறது, அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். இல்லாவிட்டால் மழையோடு கானுக்குப் போகிறது, கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து சுது கங்கைக்கு. சுது கங்கை நீர் போவத்தென்னையில் தேங்கி, ஒரு பங்கு சுரங்க வழியாகக் கலா வாவிப் பக்கம் திரும்புகிறது. உக்குவளையில் எறிந்ததைக் கீழே ஒருவர் வயலில் பொறுக்க வேண்டியிருக்கும்.

மாத்தளை நகரில் 2007இல் மாநகர சபையும் சேவனத்த நிறுவனமும், ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவின் துணையோடு, பங்களாதேஷ் முறையில் ஒரு கூட்டுப்பசளை நிலையம் தொடங்கின. நல்ல வேலை. ஆனால் அது மக்கும் குப்பைக்கான வழி. இந்த வெள்ளி உறை அங்கே போனாலும் தனியாகப் பொறுக்கி வைக்க வேண்டிய பொருள்தான்.

இந்த உறைக்கு நம் மாவட்டத்தில் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறது. இது மிளகு மண். ஏற்றுமதிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையத்தையே மாத்தளையில்தான் வைத்திருக்கிறார்கள். மிளகுக்கு நாற்றுமேடை போட, தரையில் ஓடும் கொடியை இரண்டு கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றுவார்கள். அந்தப் பையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். பால்மா பெக்கட் அதைவிடத் தடிப்பானது. வெளிச்சம் புகாததால் வேர் இருட்டில் இருக்கும், பாசி பிடிக்காது.

பெக்கட்டை மேல்பக்கம் நேராக வெட்டி, உள்ளே நன்றாகக் கழுவுங்கள், மா மிச்சமிருந்தால் எறும்பு வரும். அடியில் நாலைந்து துளை போடுங்கள். மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு, தும்புத் தூள் சமமாகக் கலந்து நிரப்பி, நிழலில் வையுங்கள். நடும் நாளில் உறையைக் கன்றோடு புதைத்துவிடாதீர்கள். வேர் நெரிபடும், உறையும் மக்காமல் மண்ணிலேயே கிடக்கும். மண் ஈரமாக இருக்கும்போது பக்கங்களை மெல்ல அமுக்கிக் கவிழ்த்தால் மண்கட்டி உடையாமல் வரும். கிழியாத உறை அடுத்த பருவத்துக்கும் ஆகும்.

துளை போட மறக்கவே கூடாது. 2017இல் நாட்டில் 1,86,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. தண்ணீர் தேங்கிய ஒரு யோகட் கப் போதும், நுளம்புக்கு வேறு குளம் வேண்டாம்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயோ மருந்தோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது சோடாவாகத்தான் தெரியும். உணவு இருந்த பாத்திரம் மண்ணுக்குப் போகலாம், நஞ்சுக்குப் போகக் கூடாது.

2021 மார்ச் 31 முதல் 20 கிராமுக்கு உட்பட்ட சிறு சாஷேக்கள் தடை செய்யப்பட்டன. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. பால்மா பெக்கட்டை எந்தத் தடையும் தொடவில்லை. விற்கிற கம்பனியே அதைத் திருப்பி வாங்கவேண்டும் என்பது என் கருத்து. பிரதேச சபை உறுப்பினர் வோட்டுக் கேட்டு வரும்போது, ட்ராக்டர் எப்போது மேலே ஏறும் என்று அவரிடம் கேளுங்கள்.

அதுவரை வீட்டில் ஓர் ஆணியில் பெக்கட்டுகளைக் கழுவிக் கோத்து வையுங்கள். ஐப்பசி மழைக்குக் கன்று நட வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே கொடி ஊன்றியாக வேண்டும்.

(அடுத்த வாரம்: தயிர்ச்சட்டி)