நினைவக அட்டையின் வேகம்

நினைவக அட்டையின் வேகம் என்பது, எண்ணிம ஒளிப்படக்கருவி போன்ற கருவிகளில் பயன்படும் நினைவக அட்டை ஒன்று, ஒரு நொடியில் எவ்வளவு தரவை எழுதவோ வாசிக்கவோ வல்லது என்பதைக் குறிக்கும் அளவாகும். இது பொதுவாக நொடிக்கு இத்தனை மெகாபைட்டு என்று தரப்படுகிறது. ஒளிப்படக்கருவி படத்தை அட்டையில் எழுதுகிறது; கணினி அதனை அட்டையிலிருந்து வாசிக்கிறது. ஆகவே படம் எடுக்கும்போது முதன்மையானது எழுதும் வேகமே. ஆயினும் அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் உச்ச வாசிப்பு வேகத்தையே குறிக்கிறது. தொய்வின்றி எழுதும் குறைந்தளவு வேகத்தைக் காட்டும் குறியீடு அதே அட்டையில் சிறிய அளவில் காணப்படும்.

வேகத்தின் தேவை

படம் எடுக்கப்பட்டவுடன் அது நேரடியாக அட்டைக்குச் செல்வதில்லை. முதலில் ஒளிப்படக்கருவியின் உள்ளே உள்ள இடைநினைவகத்தில் தங்கி, அங்கிருந்து அட்டையில் எழுதப்படுகிறது. ஓரிரு படங்களை இடைவெளி விட்டு எடுப்பவருக்கு இடைநினைவகம் நிரம்புவதில்லை. ஆதலால் மெதுவான அட்டையும் போதுமானது. விளையாட்டு, பறவைகள் முதலியவற்றைத் தொடர் படப்பிடிப்பு முறையில் எடுக்கும்போது நிலைமை வேறு. அட்டை எழுதி முடிப்பதை விட விரைவாகப் படங்கள் வந்து சேர்வதால் இடைநினைவகம் நிரம்பி, கருவி வேகம் குறைகிறது. சில வேளைகளில் அடுத்த படத்தை எடுக்க முடியாமலே போகிறது.

எடுத்துக்காட்டாக, 'ரா' எனப்படும் மூலக் கோப்பு ஒன்று 25 மெகாபைட்டு அளவுடையது என்றும், அத்தகைய 40 படங்கள் இடைநினைவகத்தில் காத்திருக்கின்றன என்றும் கொள்வோம். மொத்தத் தரவு 1000 மெகாபைட்டு. நொடிக்கு 30 மெகாபைட்டு எழுதும் அட்டை இதனை எழுதி முடிக்க ஏறத்தாழ 33 நொடிகள் ஆகும். நொடிக்கு 80 மெகாபைட்டு எழுதும் அட்டைக்கு 12.5 நொடிகளும், 250 மெகாபைட்டு எழுதும் அட்டைக்கு 4 நொடிகளும் போதும். இந்த நேரத்தில் மின்கலத்தையோ அட்டையையோ வெளியே எடுத்தால், இன்னும் எழுதப்படாத படங்கள் இழக்கப்படலாம். அட்டையின் கோப்பு அமைப்பும் பழுதடையலாம். எழுதும் பணி நடப்பதைக் காட்டுவதற்காகவே பல ஒளிப்படக்கருவிகளில் சிறு விளக்கொன்று பொருத்தப்பட்டுள்ளது.

எழுதுதலும் வாசித்தலும்

நினைவக அட்டைகளில் பயன்படுவது பிளாஷ் நினைவகம் ஆகும். மின்னாற்றல் இல்லாதபோதும் இது தரவைத் தக்கவைத்துக்கொள்ளும். இதில் ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின் மீது நேரடியாக மீண்டும் எழுத இயலாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுதல் சிறு பக்கங்களாகவும், அழித்தல் பல பக்கங்கள் கொண்ட பெரிய தொகுதிகளாகவும் நடைபெறுகின்றன. இக்காரணங்களால் எழுதுதல் பொதுவாக வாசித்தலை விட மெதுவாகவே நிகழ்கிறது.

விலை குறைந்த அட்டைகளில் ஒரே நினைவகக் கலத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிட்டுகள் சேமிக்கப்படுகின்றன. இதனால் கொள்ளளவு கூடுகிறது. எழுதும் வேகம் குறைகிறது. இக்குறையை ஈடுசெய்ய, சில அட்டைகள் தம் கலங்களில் ஒரு பகுதியை, கலத்துக்கு ஒரு பிட்டு வீதம் விரைவாக எழுதும் பகுதியாகப் பயன்படுத்துகின்றன. அப்பகுதி நிரம்பியதும் வேகம் சட்டென வீழ்கிறது. இத்தகைய அட்டை முதல் சில நொடிகளில் காட்டும் வேகத்தை நீண்ட நேரம் தொடர்வதில்லை.

எஸ்டி அட்டைகளின் வகைகள்

எஸ்டி அட்டை 1999 ஆம் ஆண்டு சான்டிஸ்க், பானாசோனிக், தோசிபா ஆகிய நிறுவனங்களால் அறிவிக்கப்பட்டது. இதன் தரநிருணயங்களைப் பேணும் எஸ்டி சங்கம் 2000 இல் நிறுவப்பட்டது. கொள்ளளவின் அடிப்படையில் இவ்வட்டைகள் நான்கு வகைப்படும்.

* எஸ்டி: 2 கிகாபைட்டு வரை
* எஸ்டிஎச்சி: 2 கிகாபைட்டுக்கு மேல் 32 கிகாபைட்டு வரை; 2006 இல் அறிமுகமானது
* எஸ்டிஎக்ஸ்சி: 32 கிகாபைட்டுக்கு மேல் 2 டெராபைட்டு வரை, 2009 இல் அறிமுகமானது
* எஸ்டியூசி: 2 டெராபைட்டுக்கு மேல் 128 டெராபைட்டு வரை, 2018 இல் அறிமுகமானது

முழு அளவு அட்டைகளின் வெளித்தோற்றமும் பருமனும் இந்நான்கு வகைகளிலும் ஒன்றாகவே இருப்பதால், புதிய அட்டை பழைய கருவியினுள் எளிதாக நுழையும்; ஆனால் இயங்காமல் போகலாம். எஸ்டி அட்டைக்கென மட்டும் செய்யப்பட்ட பழைய ஒளிப்படக்கருவி எஸ்டிஎச்சி அட்டையை ஏற்பதில்லை. மாறாக, புதிய கருவிகள் பழைய அட்டைகளை ஏற்கின்றன. இவ்வகைப் பெயர்கள் கொள்ளளவை மட்டுமே சுட்டுகின்றன. வேகத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

இடைமுகம்

அட்டைக்கும் கருவிக்கும் இடையே தரவு செல்லும் வழியே இடைமுகம் ஆகும். யூஎச்எஸ்-1 என்னும் இடைமுகத்தின் உச்ச எல்லை நொடிக்கு 104 மெகாபைட்டு. யூஎச்எஸ்-2 இடைமுகத்தின் எல்லை நொடிக்கு 312 மெகாபைட்டு. இவை அட்டையில் உரோம எண்களான ஒன்று, இரண்டு ஆகியவற்றால் குறிக்கப்படுகின்றன. யூஎச்எஸ்-2 அட்டையின் பின்புறம் இரண்டாவது வரிசையாக மின்தொடுகைகள் அமைந்திருப்பதைக் கண்ணால் காணலாம்.

இடைமுகத்தின் எல்லை என்பது வழியின் அகலமே அன்றி, அட்டை அவ்வேகத்தில் எழுதும் என்னும் உறுதிமொழி அன்று. மேலும் அட்டை, கருவி ஆகிய இரண்டில் எது மெதுவானதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். யூஎச்எஸ்-2 அட்டையை யூஎச்எஸ்-1 கருவியில் இட்டால் அது இயங்கும். ஆனால் யூஎச்எஸ்-1 இன் வேகத்திலேயே இயங்கும். நொடிக்கு 170 மெகாபைட்டு போன்ற எண்களைத் தாங்கிய யூஎச்எஸ்-1 அட்டைகள், தரநிருணயத்துக்குப் புறம்பான ஒரு முறையைக் கையாளுகின்றன. அம்முறைக்கு ஏற்ற அட்டை வாசிப்பானில் மட்டுமே அவ்வேகம் கிட்டும், ஒளிப்படக்கருவியில் கிட்டாது.

வேக வகுப்புகள்

தொடர்ச்சியாக எழுதும்போது வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதை உறுதிசெய்யவே வேக வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. இவை உச்ச வேகத்தை அன்றி, குறைந்தளவு வேகத்தைக் குறிக்கின்றன.

* வேக வகுப்பு: 'சி' எழுத்தின் உள்ளே 2, 4, 6 அல்லது 10 என்னும் எண்
* யூஎச்எஸ் வேக வகுப்பு: 'யூ' எழுத்தின் உள்ளே 1 அல்லது 3 என்னும் எண். 1 என்பது நொடிக்கு 10 மெகாபைட்டையும், 3 என்பது 30 மெகாபைட்டையும் குறிக்கும்
* நிகழ்பட வேக வகுப்பு: 'வி' எழுத்தை அடுத்து 6, 10, 30, 60 அல்லது 90 என்னும் எண். இது 2016 இல் அறிமுகமானது

முதலாவதிலும் மூன்றாவதிலும் உள்ள எண்ணே நொடிக்கான மெகாபைட்டு அளவாகும். இதன்படி 'சி' 10, 'யூ' 1, 'வி' 10 ஆகிய மூன்றும் ஒரே உறுதியைத் தருகின்றன. 'யூ' 3, 'வி' 30 ஆகியனவும் அவ்வாறே. 'வி' 60, 'வி' 90 ஆகியவற்றுக்கு யூஎச்எஸ்-2 அல்லது அதனினும் விரைவான இடைமுகம் தேவை. சில அட்டைகளில் உள்ள 'ஏ' 1, 'ஏ' 2 என்னும் குறிகள் திறன்பேசிச் செயலிகளை இயக்குவதற்கான தகுதியைக் குறிப்பன. ஒளிப்படக்கருவியில் பயன்படுத்துவோர் இவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சில நிறுவனங்கள் வேகத்தை 633 மடங்கு, 1000 மடங்கு என்று குறிப்பதும் உண்டு. குறுந்தட்டு இயக்கியின் தொடக்க கால வேகமான நொடிக்கு 150 கிலோபைட்டே இங்கு ஒரு மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. எனவே 1000 மடங்கு என்பது நொடிக்கு 150 மெகாபைட்டு ஆகும். இதுவும் பெரும்பாலும் வாசிப்பு வேகமே.

நிகழ்படத்துக்கான வேகம்

நிகழ்படம் பதிவு செய்கையில் தரவு இடைவிடாது வந்துகொண்டிருக்கும். அட்டை ஒரு கணம் பின்தங்கினாலும் பதிவு தானாகவே நின்றுவிடக்கூடும். திருமணம், மேடை நிகழ்ச்சி போன்று மீண்டும் எடுக்க இயலாதவற்றைப் பதிவு செய்யும்போது இது பேரிழப்பாகும்.

ஒளிப்படக்கருவியின் கையேட்டில் நிகழ்படத்தின் தரவு வீதம் நொடிக்கு இத்தனை மெகாபிட்டு என்று தரப்பட்டிருக்கும். அட்டையின் வேகமோ மெகாபைட்டில் தரப்படுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு என்பதால், தரவு வீதத்தை எட்டால் வகுத்தால் தேவையான வேகம் கிடைக்கும். நொடிக்கு 100 மெகாபிட்டு வீதத்தில் அமைந்த நிகழ்படத்துக்கு 12.5 மெகாபைட்டு தேவை. 'வி' 30 அட்டை இதற்குத் தாராளமாகப் போதும். 400 மெகாபிட்டு வீதத்துக்கு 50 மெகாபைட்டு தேவைப்படுவதால் 'வி' 60 அட்டை வேண்டும்.

அட்டையைத் தேர்ந்தெடுத்தல்

பின்வரும் வரிசையில் நோக்குவது தேவையற்ற செலவைத் தவிர்க்க உதவும்.

1. கருவி ஏற்கும் அட்டை வகையையும் கொள்ளளவையும் கையேட்டில் அறிதல். உயர்தரக் கருவிகள் சில எஸ்டி அட்டைக்கு மாற்றாக சிஎஃப் எக்ஸ்பிரஸ் அட்டையைப் பயன்படுத்துகின்றன. இது எஸ்டி செருகுவாயில் பொருந்தாது.
2. கருவியின் இடைமுகம் யூஎச்எஸ்-1 ஆ, யூஎச்எஸ்-2 ஆ என்று அறிதல். இரு செருகுவாய்கள் உள்ள கருவிகளில் ஒன்று விரைவானதாகவும் மற்றது மெதுவானதாகவும் இருக்கலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் படங்களை எழுதினால் மெதுவானதன் வேகமே அமையும்.
3. எடுக்கவிருக்கும் படங்களின் தன்மையை நோக்குதல். குடும்பப் படங்கள், பயணப் படங்கள் ஆகியவற்றுக்கு 'யூ' 1 அல்லது 'வி' 10 போதும். 4கே நிகழ்படத்துக்குப் பொதுவாக 'யூ' 3 அல்லது 'வி' 30 ஏற்றது. நீண்ட தொடர் படப்பிடிப்புக்கு, கருவி இடங்கொடுக்குமாயின், யூஎச்எஸ்-2 அட்டை பயன் தரும்.
4. முகப்பில் உள்ள பெரிய எண்ணை விடுத்து, வேக வகுப்பையும், தனியே தரப்பட்டிருந்தால் எழுதும் வேகத்தையும் ஒப்பிடுதல்.

விரைவான அட்டை படத்தின் தரத்தை உயர்த்துவதில்லை. குவியப்படுத்தும் வேகத்தையும் கூட்டுவதில்லை. எழுதி முடிக்கும் நேரத்தையும் கணினிக்கு மாற்றும் நேரத்தையும் மட்டுமே குறைக்கிறது. படங்களைக் கணினியில் சேமித்த பின்னர், அட்டையை ஒளிப்படக்கருவியிலேயே ஃபார்மட் எனப்படும் வடிவூட்டல் செய்வது நன்று. கோப்புகள் சிதறிக் கிடப்பதால் ஏற்படும் வேகக்குறைவு இதனால் தவிர்க்கப்படுகிறது.

போலி அட்டைகள்

புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த போலி அட்டைகள் சந்தையில் விற்கப்படுகின்றன. சிலவற்றின் வேகம் அச்சிட்டதை விட மிகக் குறைவு. வேறு சில, உண்மையில் சிறு கொள்ளளவே கொண்டிருந்தும் பெரிய கொள்ளளவு உள்ளதாகக் கருவிக்குப் பொய்யாகத் தெரிவிக்கும்படி மாற்றப்பட்டவை. இவற்றில் உண்மையான கொள்ளளவு நிரம்பும் வரை எக்குறையும் தெரியாது. அதன்பின் எழுதப்படும் படங்கள் சேமிக்கப்பட்டது போலத் தோன்றி, திறக்கும்போது பழுதடைந்து காணப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் அட்டை முழுவதிலும் தரவை எழுதி, மீண்டும் வாசித்துச் சரிபார்க்கின்றன. இவை எழுதும் வேகத்தையும் காட்டுவதால், புதிய அட்டையை முதன்முறை பயன்படுத்துமுன் இச்சோதனையைச் செய்தால் இரு ஐயங்களும் ஒருங்கே தீரும்.

இவற்றையும் பார்க்கவும்

* எண்ணிம ஒளிப்படவியல்
* பிளாஷ் நினைவகம்
* பைட்டு
* கோப்பு அமைப்பு