சிறுபான்மையினர் பெரும்பான்மையானால்? புகைப்படங்களால் கேள்வி எழுப்பும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலைஞர்

ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடியினர் 4 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களே பெரும்பான்மையினராக இருந்தால் அந்நாட்டின் பேருந்துகளும் நாடாளுமன்றமும் எப்படித் தோன்றும்? இந்தக் கேள்வியைக் காட்சியாக்கியவர், பிட்ஜாரா பூர்வகுடி மரபைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மைக்கேல் குக்.

பிரிஸ்பேனில் பிறந்த குக், பூர்வகுடி அல்லாத பெற்றோரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். ஃபேஷன் புகைப்படத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே, தனது அடையாளத்தை ஆராயும் கலைப் படைப்புகளில் இறங்கினார். இடம், உடை, பாவனை என அனைத்தையும் முன்கூட்டியே திட்டமிட்டு, திரைப்படக் காட்சி போலப் படங்களை அமைப்பது அவரது பாணி.

ஒரே மனிதர், பல உருவங்கள்

2014-ல் வெளியான 'மெஜாரிட்டி ரூல்' தொடரில், கோட், டை அணிந்த ஒரே பூர்வகுடி ஆண் பலமுறை படமெடுக்கப்பட்டு, கணினி உதவியுடன் ஒரே சட்டகத்தில் இணைக்கப்பட்டுள்ளார். பேருந்திலும், சுரங்கப் பாதையிலும், நாடாளுமன்றத்திலும் அவரே நிறைந்திருக்கிறார். காண்போருக்கு முதலில் வியப்பு ஏற்படுகிறது. சாதாரண நகரக் காட்சி ஒன்று ஏன் வியப்பளிக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து எழுகிறது. ஒரு சமூகத்தினர் அனைவரையும் ஒரே அச்சில் பார்க்கும் மனப்போக்கையும் அந்த ஒரே முகம் சுட்டிக்காட்டுகிறது.

2010-ல் உருவான 'அன்டிஸ்கவர்டு' தொடரில், ஐரோப்பியர் வந்திறங்கிய கடற்கரையில் காலனிய உடையுடன் நிற்பவர் பூர்வகுடி மனிதர். ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த நிலத்தைக் 'கண்டுபிடித்தது' யார் என்பதே அப்படங்களின் கேள்வி. ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற கோட்பாட்டை, 1992-ம் ஆண்டு மாபோ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிராகரித்தது.

'மதர்' என்ற 2016-ம் ஆண்டுத் தொடரில் தாய் இருக்கிறார், குழந்தை இல்லை. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்த அரசுக் கொள்கைகளை அது நினைவூட்டுகிறது. இக்கொள்கைகளுக்காக 2008-ல் அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஏன் புனைவுக் காட்சிகள்?

19-ம் நூற்றாண்டில் பூர்வகுடியினர் பெரும்பாலும் ஆய்வுப் பொருள்களாகவே படமெடுக்கப்பட்டனர். எப்படி நிற்க வேண்டும், என்ன அணிய வேண்டும் என்பதைக் கேமராவின் பின்னால் இருந்தவரே தீர்மானித்தார். திட்டமிட்டு அமைக்கப்படும் காட்சி, அந்த அதிகாரத்தைப் பூர்வகுடிக் கலைஞரின் கைக்கு மாற்றுகிறது.

பூர்வகுடியினரை அரசமைப்புச் சட்டத்தில் அங்கீகரித்து, அவர்களுக்கென ஆலோசனை அமைப்பை உருவாக்கும் யோசனை 2023 அக்டோபரில் பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சுமார் 60 சதவீத வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். 'பெரும்பான்மை ஆட்சி' என்ற பொருள்படும் தலைப்பில் குக் எழுப்பிய கேள்வி, அந்நாட்டில் இன்றும் விடையின்றி நிற்கிறது.