இரு செவிகளும் ஓர் ஒலிவாங்கியும்

கச்சேரி மண்டபத்தில் கண்களை மூடி அமர்ந்திருக்கும் ஒருவரிடம், மிருதங்கம் எப்பக்கத்தில் ஒலிக்கிறது என்று வினவினால், அவர் தயங்காது இடப்பக்கத்தைக் காட்டுவார். பாடகரின் வலப்புறத்தே மிருதங்கமும் இடப்புறத்தே வயலினும் அமைவது நம் மேடை வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். (இடக்கைப் பழக்கமுடைய வித்துவான் வாசிக்கும் நாளில் இவ்வொழுங்கு மாறும்.) அக்கச்சேரியையே ஒற்றை ஒலிவாங்கியாற் பதிவுசெய்து கேட்டால், மூவரும் ஒரே துவாரத்தின் பின்னே நெருக்குண்டு நிற்பதுபோலத் தோன்றும்.

மனிதனின் செவிகள் இரண்டும் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்தவை. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. ஆகவே, இடப்புறத்தெழும் ஒலி வலச்செவியை அடைய, ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலுங் குறைந்த நேரமே கூடுதலாகும். தலையின் மறைப்பால் அது சற்று மெலியவுஞ் செய்யும். இச்சிறு வேற்றுமைகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இவ்வுண்மையை ஒலிப்பதிவிற் பயன்படுத்த முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன். 1931ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1934இல், இலண்டன் அபி வீதிக் கலையகத்தில் சேர் தோமஸ் பீச்சம் நெறிப்படுத்திய மோட்சார்ட் சிம்பனி இம்முறையிற் பதிவாயிற்று. ஆயினும், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பொதுமக்கள் கைக்கு வந்தது 1950களின் பிற்பகுதியிலேதான். புளூம்லைனோ 1942இல், ராடர் சோதனைப் பறப்பொன்றில் விமானம் வீழ்ந்து, முப்பத்தெட்டு வயதில் உயிர்நீத்தார்.

இன்று இசைப்பதிவுக்கென விற்கப்படும் ஸ்டீரியோ ஒலிவாங்கிகளுட் பெரும்பாலானவை ஒடுக்கி வகையின; கடைகளில் கண்டென்சர் என்பர். அமெரிக்கரான எட்வேட் வென்டே 1916இல் ஆக்கிய முறை அது. தலைமயிரினும் மெல்லிய தகடொன்று, உலோகத் தட்டொன்றின் முன்னே மிகச் சிறிய இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒலியலை மோதத் தகடு அதிரும். இடைவெளி கூடிக் குறையும். மின்னழுத்தமும் உடன் ஏறியிறங்கும். சாதாரண மேடை ஒலிவாங்கியின் தகடு ஒரு கம்பிச் சுருளையுஞ் சுமந்து அசையவேண்டியது. இத்தகட்டுக்கு அச்சுமை இல்லை. தம்புராவின் ரீங்காரத்தையும் வில் நரம்பைத் தொடும் நுண்ணொலியையும் இது பற்றிக்கொள்வது அதனாலேயே. ஆனால் இதற்கு மின்னூட்டம் வேண்டும். பெரும்பாலும் 48 வோல்ற்று மின், ஒலி வரும் கம்பியின் வழியாகவே அனுப்பப்படும். சிறு கருவிகள் மின்கலத்தால் இயங்கும்.

ஸ்டீரியோ ஒலிவாங்கியின் ஓருடலுள் இத்தகைய உறுப்புகள் இரண்டு உள. ஒன்றையொன்று நெருங்கி, 90 பாகை அளவிற் பிரிந்து இருபுறம் நோக்குவது ஒரு முறை. பிரான்சிய வானொலியார் கைக்கொண்ட முறையில் இரண்டுக்கும் இடையே 17 சென்ரிமீற்றரும் 110 பாகையும் இருக்கும். மண்டபத்தின் விசாலம் அதிலே நன்கு புலப்படும். எனினும், ஒற்றை ஒலிபெருக்கி உடைய வானொலியிற் கேட்போரை எண்ணினால் முன்னையதே சிறந்தது. இரு பக்கங்களையும் ஒன்றாகக் கலக்கும்போது அதில் ஒலி மங்குவதில்லை.

வீட்டிற் பதிவுசெய்வோர் கவனிக்கவேண்டியது கருவியின் விலையையன்று, அதை வைக்கும் இடத்தையே. முதிய வித்துவான் ஒருவரின் பாடாந்தரத்தைப் பேணவென்று பிள்ளைகள் பதிவுசெய்வர். அவர் மறைந்தபின் போட்டுக் கேட்டால், மின்விசிறியின் இரைச்சலே முன்னிற்கும். அவரை மீண்டும் பாடச்சொல்ல இயலாது. ஆகவே மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் முதலில் நிறுத்துக. தரையில் அமர்ந்து பாடுவோருக்கு முன்னே ஒன்றரை, இரண்டு மீற்றர் தூரத்தில், அவர் தலைக்குச் சற்று மேலாக ஒலிவாங்கியை நிறுத்திச் சிறிது தாழ நோக்கச் செய்க. பின்னர் இரண்டு நிமிடம் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தல் வேண்டும். மிருதங்கம் குரலை விழுங்குமாயின் திருகாணியைத் தேடிப் பயனில்லை. வாசிப்பவர் ஒரு முழம் பின்னே அமரவேண்டும். இரண்டே வழிகளிற் பதிவான இசையில் ஒருவரை மட்டும் பின்னர் உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது என்பதால், அன்றைய அமர்வே அப்பதிவின் சமநிலை. ஒலியளவைக் குறைத்தே வைத்தல் நன்று. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றாற் போதும். எல்லை கடந்து சிதைந்த சுரத்தைப் பின்னர் முற்றாகச் சீர்செய்ய வழியில்லை.

மண்டபத்திற் பெரிய ஒலிபெருக்கிகள் முழங்குமிடத்து, ஒலிவாங்கி வித்துவானை விட்டு அவற்றையே கேட்கும். அங்கே மேடையை நெருங்கி நிற்பதே வழி. கோயில் வீதியில் நாதசுரமும் தவிலும் முழங்கும்போதோ, பல மீற்றர் விலகி நிற்கவேண்டும். காற்றுக்குப் பஞ்சுறையும் இடவேண்டும். ஈரக்காற்று இம்மெல்லிய தகட்டுக்குப் பெரும் பகை. கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கரையோர நகரங்களில் வாழ்வோர், பதிவு முடிந்ததும் கருவியைக் காற்றுப்புகாப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வைத்தல் வேண்டும்.