கூரத்து நான்கெல்லை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்கு ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஒரு செப்பேடு வழங்கினான். ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் அது தந்த கொடையில் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்தில் நிலத்துக்கு அடையாளம் நான்கெல்லை: கிழக்கே இன்னார் வயல், தெற்கே வாய்க்கால், மேற்கே ஏரிக்கரை, வடக்கும் இப்படியே. எது எதைத் தொடுகிறது என்று சொன்னால் போதும். பரப்புக்கு மட்டும் குழிக் கணக்கு.

வாய்க்கால் தூர்ந்தால் வழக்குதான். இன்று அதே வயல்களுக்குச் சர்வே எண், பட்டா, ஜிபிஎஸ் காட்டும் ஆயத்தொலைவுகள். ஆனால் நில அளவையாளர் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவை ஆதாரமாகக் கொண்ட பழைய படத்தின் எண்களை ஜிபிஎஸ் கருவியில் அப்படியே போட்டால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி யாருடைய வயலிலோ நிற்போம். வரப்பு என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

எந்த எண் இட்டாலும் மாறாதது ஒன்று உண்டு: தரையின் வளைவு. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோணங்களைப் பின்னத் தொடங்கினார் நில அளவையாளர் லாம்டன். 200 சதுர கிலோமீட்டர் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஒரு விகலை, அதாவது பாகையில் 3600இல் ஒரு பங்கு, மிஞ்சும். பூமியின் வளைவை இப்படித் தரையில் நின்றே அளந்துவிடலாம்.

ஈர்ப்பை வெளிநேரத்தின் வளைவாகக் கண்ட ஐன்ஸ்டைனே எண் எது, வடிவம் எது என்பதில் தடுமாறினார். எல்லா ஆயத்தொலைவுக்கும் பொருந்தும் ஈர்ப்புச் சமன்பாடு எழுதினால் ஒரே பொருளமைப்புக்குப் பல விடைகள் வருகின்றனவே என்று 1913இல் பின்வாங்கினார். 1915இல்தான் தெளிந்தார்: அத்தனையும் ஒரே வடிவியல், எண்கள்தாம் வேறு. எது எதைச் சந்திக்கிறது என்பதே நிற்கும். நான்கெல்லை எழுதிய பல்லவ அதிகாரிக்கு இது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

குழப்பம் அத்தோடு ஓயவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்கு 1916இல் சுவார்ட்சில்டு வெளியிட்ட விடையில், சூரியனளவு நிறைக்கு 3 கிலோமீட்டர் ஆரத்தில் ஓர் உறுப்பு முடிவிலியானது. அங்கே வெளிநேரமே முறிகிறது என்று பலர் நினைத்தார்கள். 1924இல் எடிங்டன் எழுதிய ஆயத்தொலைவுகளில் அந்த முடிவிலி மறைந்திருந்தது. அவரே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கோளாறு ஆயத்தொலைவில்தான் என்று 1933இல் லெமைத்ர் காட்டினார். அந்த ஆரத்தை இன்று கருந்துளையின் நிகழ்வெல்லை என்கிறோம். வளைவு அங்கே அளவோடுதான் இருக்கிறது. மையத்தில் மட்டும், எந்த ஆயத்தொலைவில் கணக்கிட்டாலும், வளைவு முடிவிலிக்குப் போகிறது.