குடுவைக்குள் மீன் ஈரல்

டெல்லி கோல் மார்க்கெட் மீன் கடையில் ரோகுவின் வயிற்றைக் கிழிப்பவரின் கை ஈரல் பக்கம் வந்ததும் நிதானப்படும். பித்தப்பை உடைந்தால் கறி கசக்கும். மீன் ஈரல் செல்களைக் குடுவையில் வளர்க்கும் ஆய்வகத்திலும் இதே கவலைதான். பித்தம் பட்டால் ஈரல் செல்கள் செத்துவிடும். ஆனால் ஐஸில் கிடந்த மீன் அங்கே உதவாது. மீன் செத்ததுமே ஈரலின் நொதிகள் ஈரலையே கரைக்கத் தொடங்கிவிடும். உயிருள்ள மீன்தான் வேண்டும்.

மயக்கிய மீனின் ஈரலைக் கிருமி தொற்றாமல் எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த நீரில் கழுவி, பொடிப்பொடியாக நறுக்குவார்கள். கொலாஜினேஸ் என்ற நொதி, செல்களைப் பிணைத்திருக்கும் நார்களைக் கரைத்துவிடும். பிரிந்த செல்களை எல்-15 என்ற ஊட்டக்கரைசலில், பெரும்பாலும் கன்றுக்கரு சீரமும் சேர்த்து, குடுவையில் இடுவார்கள். இந்தக் கரைசலுக்குக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் பெட்டி தேவையில்லை. நம் கெண்டை இனங்களுக்கு 28 டிகிரி வெப்பம் போதும். டெல்லியின் மே மாதத்தில் அதற்கே ஏசி போட வேண்டியிருக்கும்!

எதற்கு இத்தனை பாடு? தண்ணீரிலிருந்து மீனுக்குள் போகும் நஞ்சைச் சிதைக்கும் முக்கிய உறுப்பு ஈரல். ஆண் மீனின் ஈரல் செல்களில் ஈஸ்ட்ரோஜன் போன்ற ரசாயனத்தைச் சேர்த்தால், பெண் மீன் முட்டைக்காகச் சுரக்கும் மஞ்சள்கருப் புரத மூலத்தை அவை சுரக்கத் தொடங்கும். கழிவுநீரைச் சோதிக்க இது அருமையான வழி. மீன்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், குடுவைக்குள் வந்த ஈரல் செல்கள் நாளடைவில் தம் வேலையை மறந்துவிடுகின்றன. நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் குறைகின்றன. பிறகு செல்களும் மடிகின்றன. தொடர்ந்து பெருகும் செல் வரிசைகளுக்குச் சாவில்லை, மறதி மட்டும் உண்டு. 1962இல் ஆய்வாளர்கள் உல்ஃபும் குவிம்பியும் வானவில் டிரவுட்டின் இனப்பெருக்கத் திசுவிலிருந்து முதல் மீன் செல் வரிசையை உருவாக்கினார்கள். அதே மீனின் ஈரல் வரிசையான ஆர்டிஎல்-டபிள்யூ1, 1993இல் கனடாவின் வாட்டர்லூவிலிருந்து வந்தது.

நம் ஊரில் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீது குழுவினர் கட்லாவின் இதயத்திலிருந்தும் கொடுவாயின் மண்ணீரலிலிருந்தும் வரிசைகள் உருவாக்கியிருக்கிறார்கள். லக்னோவில் இத்தகைய வரிசைகளுக்கென்றே தேசியக் களஞ்சியம் இருக்கிறது. நம் நாட்டில் மீன் வைரஸ்களைப் பிடிப்பதுதான் முதல் அவசரமாக இருந்தது.

2018இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓஈசிடி ஏற்ற சோதனைமுறையில், உறையவைத்த டிரவுட் ஈரல் செல்களை உருக்கி, ரசாயனம் எவ்வளவு வேகத்தில் சிதைந்து குறைகிறது என்று குளிர்ந்த நிலையில் அளக்கிறார்கள். டிரவுட் குளிர்நீர் மீன். அந்த எண்ணை யமுனையின் வெதுவெதுப்பில் வாழும் ரோகுவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ரோகுவின் ஈரலைத்தான் கேட்க வேண்டும்.