ஓடுவது விமானமா, மலையா?

கண்டி நிலையத்தில் நிற்கும் கோச்சியில் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்கிறது. நாம்தான் புறப்பட்டுவிட்டோம் என்று மனம் ஒருகணம் ஏமாறும். அந்த ஏமாற்றை வைத்தே காசு பார்த்தது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 1981இல் அது வெளியிட்ட ‘ஸ்க்ராம்பிள்’, காசு போட்டு ஆடும் வீடியோ கேம்.

திரையின் இடப்பக்கம் சிறு விமானம். எதிரே மலையும் ஏவுகணையும் வந்துகொண்டே இருக்கும், நிற்க வழியில்லை. ஒரு பொத்தான் முன்னால் சுடும், மற்றது குண்டு போடும். எரிபொருளோ குறைந்துகொண்டே போகும். தரையிலுள்ள எரிபொருள் தாங்கியைத் தகர்த்தால் நமக்கு எரிபொருள் ஏறும்! 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்த நமக்கு இதைவிடப் பெரிய பகிடி ஏது?

உண்மையில் விமானம் அதிகம் நகர்வதில்லை. நிலம்தான் இடப்பக்கமாக ஓடுகிறது. திரையில் 224க்கு 256, அதாவது 57,344 புள்ளிகள். நொடிக்கு 60 தடவை அத்தனையையும் புதிதாக வரைய அதன் மூளையான இசட்80 சில்லுக்கு நேரம் போதாது. அன்றைய விலைக்கு நினைவகமும் கட்டுப்படியாகாது. ஆகவே குளியலறைக்கு டைல்ஸ் பதிப்பதுபோலப் பதித்தார்கள். எட்டுக்கு எட்டுப் புள்ளியில் சதுரங்கள்: அகலத்தில் 28, உயரத்தில் 32. மலைச்சரிவுக்கு ஒரு டைல், தாங்கியின் மூலைக்கு ஒன்று. எந்தச் சதுரத்தில் எந்த டைல் என்ற எண்ணை மட்டும் இயந்திரம் வைத்திருக்கும். ஒரு வரிசையைத் தள்ளச் சொன்னால் முழு வரிசையும் நகரும். எட்டுப் புள்ளி நகர்ந்ததும் இடது ஓரத்தில் ஒரு நிரல் மறையும், வலது ஓரத்தில் புதிதாக ஒன்றை எழுதவேண்டும். சில்லுக்கு மிச்சமாகும் வேலை அவ்வளவுதான். வரிசைகளைத் தனித்தனியே தள்ளலாம் என்பதால், மலை ஓடும்போதும் மேலே ஸ்கோர் அசையாது. விமானம் தனிப்படமாக இவற்றின்மேல் வரும்.

ஒரு குறை. பேராதனைக்குப் போகையில் பாதையோர மரம் பறக்கும், ஹந்தானை மலையோ கூடவே வரும். ஸ்க்ராம்பிளின் நிலத்துக்கு ஒரே வேகம். அடுத்த ஆண்டே ஐரெம் நிறுவனத்தின் ‘மூன் பெட்ரோல்’ பின்னணியை அடுக்குகளாகப் பிரித்து, தூரத்து மலையை மெதுவாகவும் கிட்ட இருப்பதை வேகமாகவும் ஓட்டிக் காட்டியது. பார்க்க அதுதான் அழகு. கை வியர்க்க வைப்பது என்னவோ ஸ்க்ராம்பிள்தான்.

2019இல் கொனாமி தன் பழைய ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டபோது இதையும் சேர்த்தது, கணினியிலேயே ஆடலாம். முதல் தடவையென்றால் ஸ்கோரை மறந்துவிட்டுத் தாங்கிகளையே குறிவையுங்கள்.